அலுமினியத் தூளுக்குப் போரிக் அமிலக் காப்பு

அலுமினியத் தூள் சேர்ந்த பட்டாசு மருந்து ஈரம் பட்டுத் தானாகச் சூடேறித் தீப்பற்றாமல் இருக்க, அதில் சிறிதளவு போரிக் அமிலம் கலக்கும் முறை உண்டு. தமிழ்நாட்டில் இதைச் சிவகாசி வட்டாரத்தில் காணலாம். தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய அவ்வூரில் 1940-களில் பட்டாசு ஆலைகள் எழுந்தன.

அலுமினியத் தூளின் ஆபத்து அதற்கு முன்பே தெரிந்ததுதான். உலர்ந்த நிலையில் இடித்துத் தூளாக்கிய காலத்தில், காற்றில் பறந்த தூசு அடிக்கடி வெடித்தது. 1920-களில் அமெரிக்காவின் ஈ. ஜே. ஹால், கரைப்பானில் ஸ்டியரிக் அமிலம் சேர்த்து அரைக்கும் முறையைக் கொண்டுவந்தார். துகளின்மேல் அமிலப் பூச்சு படிந்தது. பறக்கும் தூசும் குறைந்தது.

பட்டாசில் எதிரி தண்ணீர். கம்பி மத்தாப்புக்கு அலுமினியத் தூள், இரும்புத் தூள், 'பச்சை உப்பு' எனப்படும் பேரியம் நைட்ரேட், டெக்ஸ்ட்ரின் பசை ஆகியவற்றைக் கூழாகக் கரைத்துக் கம்பிகளை முக்கிக் காயவைத்து வந்தனர். கூழ் நெடுநேரம் கிடந்தால் அலுமினியம் நைட்ரேட்டைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும். அதனால் கூழ் காரமாகும். காரம் அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தை அரிக்கும். வினை மேலும் விரையும். பாத்திரம் வெதுவெதுப்பாகி அம்மோனியா நெடி அடித்தால் கேடு தொடங்கிவிட்டது என்று பொருள். போரிக் அமிலம் அந்தக் காரத்தை முறிக்கிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு போதும். கேரம் பலகையில் தூவும் அதே வெள்ளைப் பொடிதான். இவ்வளவு மலிவான காப்பை விட்டுவிட எந்த நியாயமும் இல்லை.

மக்னீசியத்துக்கு இது ஆகாது. அந்த உலோகத்தை அமிலமே அரிக்கும் என்பதால் ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சோ டைகுரோமேட்டோ பயன்படுத்தினர். டைகுரோமேட் நச்சு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஈர அலுமினியத்தின் கொடுமையை உலகம் 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷானில் கண்டது. சக்கரங்களை மெருகேற்றும் ஆலையில் தேங்கிய தூசு ஈரத்தால் சூடேறி வெடித்தது. 75 பேர் அன்றே இறந்தனர். தூசை நீரில் பிடிக்கும் கருவிகளில் ஈர அலுமினியத்திலிருந்து ஹைட்ரஜன் உருவாகாமல் தடுக்கப் பாஸ்பேட், குரோமேட் உப்புகளைச் சீன ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர்.

உலர்ந்த மருந்தில் உராய்வால் எழும் பொறியைப் போரிக் அமிலம் தடுக்காது. மிச்ச மருந்தை மறுநாளுக்கு வைக்காமல் அன்றே அழிப்பது தனிக் கடமை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளைத் தடைசெய்தபின் வேறு நைட்ரேட்டுகள் அந்த இடத்துக்கு வந்தாலும், ஈரத்தில் அலுமினியத்தோடு அவையும் இதே வினையில்தான் ஈடுபடும்.