திறந்த போட்டி, அழைப்புப் போட்டி: 1948இன் ஒரு பருவம்

கோல்ஃப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் சிரித்தார். 'பணக்காரன் பொழுதுபோக்குக்கு நீ ஏம்பா மண்டையை உடைச்சுக்கிற?' நியாயமான கேள்விதான். நான் அந்த மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. என் ஆர்வம் ஆட்டத்தின் மீதல்ல, ஆட்டம் முடிந்தபின் மிஞ்சும் பட்டியலின் மீது.

அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் கோல்ஃபின் 1948ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். பருவத்தின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது ஒரு அட்டவணை: போட்டியின் பெயர், ஊர், வென்றவர், அடிகளின் எண்ணிக்கை, பரிசுப் பணம். அது பென் ஹோகனின் ஆண்டு. பத்துப் போட்டிகளில் வென்றார். ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பன், மே மாதம் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், ஜூனில் 276 அடிகளில் முடித்து அதுவரை இருந்த சாதனையை முறியடித்த யு.எஸ். ஓப்பன். 32,112 டாலர் சம்பாதித்துப் பணப்பட்டியலிலும் முதலிடம். எல்லாம் உண்மை, ஹோகனின் திறமை உட்பட. ஆனால் ஆடியவர்களில் யார் வென்றார் என்பதோடு பட்டியல் நின்றுவிடுகிறது. ஆட விடப்பட்டவர் யார் என்ற கேள்வி அதற்குள் நுழைவதே இல்லை.

1

அதே லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பனுக்குப் போவோம். முதல் நாள் ஹோகன் 68 அடிகள். இன்னொருவரும் 68. அவர் பெயர் பில் ஸ்பில்லர். ஓக்லஹோமாவில் 1913இல் பிறந்த கறுப்பர். கல்லூரியில் பட்டம் பெற்றவர். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் லாஸ் ஏஞ்சலிஸ் ரயில் நிலையத்தில் போர்ட்டராக மூட்டை தூக்கினார். கோல்ஃப் ஆடத் தொடங்கியதே முப்பது வயதை ஒட்டித்தான்.

கறுப்பரை ஆட விட்ட போட்டிகள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. லாஸ் ஏஞ்சலிஸ் அவற்றில் ஒன்று. மற்றபடி கறுப்பருக்கென்று 1920களில் உருவான தனிச் சங்கம், அதன் தனிப் போட்டிகள், சொற்பமான பரிசுப் பணம். அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சலிஸில் முதல் 60 இடங்களுக்குள் முடித்தவர்கள் ரிச்மண்ட் ஓப்பனில் நேரடியாக ஆடலாம் என்பது விதி. ஸ்பில்லரும், நாஷ்வில்லைச் சேர்ந்த டெட் ரோட்ஸ் என்ற இன்னொரு கறுப்பரும் அந்த 60க்குள் வந்துவிட்டார்கள். ரிச்மண்டுக்குப் போய்ப் பயிற்சி ஆட்டமும் ஆடினார்கள். அதன்பின் பி.ஜி.ஏ. அதிகாரி வந்து சொன்னார்: நீங்கள் ஆட முடியாது, நீங்கள் சங்க உறுப்பினர்கள் அல்ல.

ஏன் உறுப்பினர்கள் அல்ல? வெள்ளை இனத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று சங்கத்தின் விதியே சொன்னது. உறுப்பினர் இல்லை, அதனால் ஆட முடியாது. கறுப்பர், அதனால் உறுப்பினராக முடியாது. இந்த வட்டத்துக்குள் 'நீ கறுப்பன், வெளியே போ' என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. விதி பார்த்துக்கொள்ளும். இந்தத் தந்திரத்தை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2

எண்ணுக்கு நிறம் கிடையாது. 68 என்றால் 68தான். பந்து குழிக்குள் விழுந்ததா இல்லையா என்பதில் யாருடைய ரசனைக்கும் தீர்ப்புக்கும் இடமில்லை. ஆகவே இந்த ஆட்டத்தில் ஒருவனைத் தாழ்த்த வேண்டுமென்றால் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே தடுத்தாக வேண்டும். முதல் அடிக்கு முந்தைய இடத்தில் நிற்க வேண்டும் காவல்காரன்.

கறுப்பருக்குப் புல்வெளி தடை செய்யப்பட்டிருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கேடியாகப் பை தூக்கிக்கொண்டு, தூரம் கணித்துச் சொல்லிக்கொண்டு, அவர்கள் மைதானம் முழுக்க நடந்தார்கள். அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் 1982 வரை கேடிகள் அத்தனை பேரும் கறுப்பர்கள். மண்ணின் மேடுபள்ளம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு ஆடுகிறவர்களுக்கே தெரியாது. உழைப்பாக உள்ளே வரலாம். எண்ணாக மட்டும் வரக்கூடாது.

3

ஸ்பில்லர் சும்மா இருக்கவில்லை. அவரும் ரோட்ஸும், ரிச்மண்டில் தடுக்கப்பட்ட மூன்றாமவரான மேடிசன் கன்டரும் அந்த ஜனவரியிலேயே 3,15,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டின் சூழலையும் சேர்த்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு ஜாக்கி ராபின்சன் பெரிய பேஸ்பால் அணியொன்றில் இடம்பெற்றுவிட்டார். 1948 ஜூலையில் ராணுவத்தில் இனப்பாகுபாட்டுக்கு முடிவுகட்டும் ஆணையில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டார். சங்கமும் இறங்கி வந்தது. செப்டம்பரில், வழக்கு விசாரணைக்கு வருமுன், இனி இனத்தின் பேரால் யாரையும் ஒதுக்க மாட்டோம் என்று வாக்குறுதி. வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

வெற்றிதானே? அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். போட்டிகளின் பெயரில் ஒரு சொல் மாறியது. 'ஓப்பன்' என்றிருந்தவை 'இன்விடேஷனல்' ஆயின. திறந்த போட்டி, அழைப்புப் போட்டியாயிற்று. திறந்த வாசலில் ஒருவரைத் தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அழைப்பு அனுப்பாததற்கு எதற்குக் காரணம்? எங்க வீட்டு விசேஷத்துக்கு யாரைக் கூப்பிடறதுன்னு நீ யாருய்யா கேக்கறதுக்கு? வாக்குறுதி எழுத்துக்கு எழுத்து காப்பாற்றப்பட்டது. யாரையும் ஒதுக்கவில்லை, அழைக்கவில்லை, அவ்வளவே. வெள்ளையர் மட்டும் என்ற விதியோ அப்படியே இருந்தது.

அழைப்பு என்பது அதிகாரத்தின் மிக மரியாதையான மொழி. 1952இல் சான் டியேகோவில் இது பட்டவர்த்தனமாயிற்று. முன்னாள் குத்துச்சண்டை உலக சாம்பியன் ஜோ லூயி அழைக்கப்பட்டிருந்தார். சங்கம் தடுத்தது, அவர் ஊரறியப் பேசினார், சங்கம் பின்வாங்கியது. லூயி அமெச்சூர் ஆட்டக்காரர் என்ற வழியில் அவரை ஆட விட்டார்கள். அதே போட்டிக்குத் தகுதி பெற்றிருந்த தொழில்முறை ஆட்டக்காரர் ஸ்பில்லர் வெளியில்தான். புகழ்பெற்ற ஒருவரை விருந்தாளியாக உட்கார வைத்தாயிற்று. பிழைப்புக்காக ஆடுகிறவன் கேட்டது உரிமை, அது கிடையாது.

4

விதி எப்படி விழுந்தது? ஸ்பில்லர் பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளப் ஒன்றில் கேடியாகப் பை தூக்கினார். ஏன் நீங்கள் சுற்றுப்போட்டிகளில் ஆடுவதில்லை என்று கேட்ட உறுப்பினர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் மூலம் செய்தி கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் ஸ்டான்லி மோஸ்க்கிடம் போனது. இந்த விதியோடு பொது மைதானங்களில் போட்டி நடத்த முடியாது என்றார் மோஸ்க். தனியார் மைதானங்களில் நடத்திக்கொள்கிறோம் என்றது சங்கம். அங்கேயும் விட மாட்டேன் என்றார். மற்ற மாநில அட்டர்னி ஜெனரல்களுக்கும் எழுதினார். லாஸ் ஏஞ்சலிஸில் நடக்க வேண்டிய 1962 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பைச் சங்கம் ஃபிலடெல்ஃபியா பக்கம் தூக்கிக்கொண்டு ஓடியது. ஓட இடமில்லாமல் போனபோது, 1961 நவம்பரில், விதியை நீக்கியது. மனம் திருந்தி நீக்கியதாக யாரும் எழுத வேண்டாம்.

அப்போது ஸ்பில்லருக்கு நாற்பத்தெட்டு வயது. பலன் அடுத்தவர்களுக்குக் கிடைத்தது. சார்லி சிஃபர்ட் 1967இல் ஹார்ட்ஃபர்டிலும், 1969இல், அதே லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பனிலும் வென்றார். இரண்டு வெற்றிக்குப் பிறகும் மாஸ்டர்ஸ் அவரை அழைக்கவே இல்லை. அங்கே ஆடிய முதல் கறுப்பர் லீ எல்டர், 1975இல். மாஸ்டர்ஸ் இன்றும் அழைப்புப் போட்டிதான்.

ரோட்ஸ் 1969இல் இறந்தார், ஸ்பில்லர் 1988இல். 2009இல் பி.ஜி.ஏ. இருவருக்கும் உறுப்பினர் தகுதி வழங்கியது. செத்தவர்களுக்கு அழைப்பு அனுப்புவதில் யாருக்கும் சிரமமில்லை. 1948இன் பட்டியலில் ரிச்மண்ட் ஓப்பனுக்கு நேரே வென்றவரின் பெயர் இருக்கிறது. அவர் யாரை வென்றார் என்பதை மட்டும் இனி எந்த அட்டவணையாலும் சரியாகச் சொல்ல முடியாது.