அக்மாத்துக் கல்லறையும் அயலகக் கவிஞரும்

1359ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஓர் இரவில், கிரனாடா அரண்மனையில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு ஓர் அரசரையும் ஒரு கவிஞரையும் கடல் கடந்து மொராக்கோவுக்கு அனுப்பியது. அரசர் ஐந்தாம் முகம்மது. கவிஞர், அவருடைய அமைச்சராயிருந்த லிசானுத்தீன் இப்னுல் கத்தீப். லோஹா என்னும் சிற்றூரில் 1313இல் பிறந்த இவர் மருத்துவம், வரலாறு, கவிதை, அரசவைக் கடிதக்கலை ஆகிய நான்கிலும் தம் காலத்தில் முன்னின்றவர். கவிழ்ப்புக்குப் பின் அவர் சிறைப்பட்டார், நிலபுலங்கள் பறிமுதலாயின. மொராக்கோவின் மரினித் சுல்தான் அபூ சாலிம் பரிந்து பேசியதனாலேயே விடுதலை பெற்றார். ஃபெஸ் நகர அரசவையில் தம் மன்னருக்காக உதவி வேண்டி அவர் பாடிய பாடல் கேட்டோரைக் கண்ணீர் விடச் செய்தது என்று, அவ்வவையில் அப்போது பணியாற்றிய வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் எழுதிவைத்துள்ளார்.

அடைக்கலம் கிடைத்தபின் இப்னுல் கத்தீப் கேட்டது ஒரு விந்தையான சலுகை. மராகேஷ் பகுதிக்குச் சென்று பழைய அரசர்களின் எச்சங்களைப் பார்த்துவர அவர் இசைவு கோரினார். சுல்தான் இசைந்ததோடு, வழியிலுள்ள அதிகாரிகள் அவருக்குப் பரிசளிக்க வேண்டுமென ஓலையும் விடுத்தார். அதிகாரிகள் போட்டியிட்டுக்கொண்டு வழங்கினர் என்பதும் இப்னு கல்தூன் தரும் செய்தியே. இக்காலத்தார் கைப்பொருளைச் செலவிட்டு ஊர் பார்க்கின்றனர். இவரோ ஊர் பார்த்துக் கைப்பொருள் சேர்த்தார்! நாடிழந்தவர் என்றதும் அழுத கண்ணும் சிந்திய மூக்குமாக ஓர் உருவத்தைக் கற்பனை செய்வோர் இச்செய்தியை மறைத்துவிடுவதுண்டு. மறைக்க வேண்டியதில்லை. அவர் கவிஞராயிருந்த அளவுக்கு அரசியல்வாதியாகவும் இருந்தார்.

அப்பயணத்தில் அவர் இரு கல்லறைகளின் முன் நின்று பாடினார். காலத்தால் பிற்பட்டதை முதலிற் கூறலாம். திரும்பும் வழியில், இன்றைய ரபாத் நகரை ஒட்டிய ஷெல்லாவில், மரினித் அரச குடும்பத்தின் இடுகாட்டுக்குச் சென்றார். சுல்தானின் தந்தை அபுல் ஹசனின் கல்லறை முன் இரங்கற்பா ஒன்றைப் பாடி, கிரனாடாவில் தாம் இழந்த நிலபுலங்களை மீட்டுத்தர அவருடைய காப்பினை வேண்டினார். இறந்த தந்தையிடம் வைத்த விண்ணப்பம் இருக்கும் மகன் செவியிற் சரியாக விழுந்தது. சுல்தான் கிரனாடாவுக்கு எழுதினார், நிலங்கள் விடுவிக்கப்பட்டன. இதனைக் குறைகூற இயலாது. அரசவைக் கவிதைக்கு அஃது இயல்பான தொழில்.

அதற்குமுன் 1360இல், மராகேஷுக்குத் தெற்கே அட்லஸ் மலையடிவாரத்து அக்மாத்தில் அவர் கண்ட கல்லறை வேறு வகையது. மராகேஷ் தோன்றுவதற்கு முன் அல்முராவிதுகளின் தலைநகராயிருந்தது அவ்வூர். அங்குத்தான் செவில் நகரின் கவியரசர் அல் முஃதமித் புதைக்கப்பட்டிருந்தார். வடக்கே கிறித்தவ மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோவின் படை நெருக்கியபோது, முஃதமித் ஆப்பிரிக்காவிலிருந்து அல்முராவிதுகளைத் துணைக்கழைத்தார். 1086இல் சல்லாக்காப் போரில் அவர்கள் வென்றனர். ஐந்தாண்டுகளுக்குள், 1091இல், துணைக்கு வந்தவர்களே செவிலைக் கைப்பற்றி, அழைத்தவரை விலங்கிட்டு அக்மாத்துக்குக் கொண்டுசென்றனர். காலின் விலங்கைப் பாடியதும், பண்டிகை நாளில் கந்தலாடையுடன் வந்த மகளிரைக் கண்டு பாடியதும் அங்கே. அம்மகளிர் கூலிக்கு நூல் நூற்றுப் பிழைத்தனர். தம் கல்லறைக்கான இரங்கற்பாவையும் தாமே எழுதிவைத்துவிட்டு 1095இல் அவர் மறைந்தார்.

அருகில் அரசி இஃதிமாதின் கல்லறை. சுற்றி இலந்தை மரம். சற்றே உயர்ந்த மேடு. இப்னுல் கத்தீப் கண்டது இவ்வளவே. தாமே விரும்பி வந்ததாகவும், வருவதைக் கடமையெனக் கருதியதாகவும் அவர் பாடினார். மேட்டின் உயரத்தை மன்னரின் பெருமையோடு பொருத்தினார். தமிழில் கையறுநிலை என்னும் துறைக்கு மிக அணுக்கமானது அப்பாடல். அக்கல்லறையின் சொந்தக்காரருக்குப் பட்டத்தில் மகன் எவரும் இல்லை. எழுதியனுப்ப ஓலை இல்லை. மீட்டுத்தர நிலமும் இல்லை. ஷெல்லாவில் பாடியவர் அமைச்சர் என்றால், அக்மாத்தில் நின்றவர் கவிஞர் மட்டுமே எனலாம்.

பின்னர் சலே நகரில் தங்கினார். மனைவியை அங்கே இழந்தார். மாலகாவையும் சலேயையும் ஒப்பிட்டு அவர் எழுதிய உரைநூலில் வெற்றி மாலகாவுக்கே. அடைக்கலம் தந்த ஊரானாலும் தாயகத்து ஊருக்கு ஈடாகுமா?

1362இல் ஐந்தாம் முகம்மது அரியணையை மீட்டார். அமைச்சரும் கிரனாடா திரும்பினார். ஆனால் பகை வளர்ந்தது. 1371இல் மீண்டும் மொராக்கோவுக்குத் தப்பிச் சென்றார். இம்முறை ஊர்காண் பயணம் இல்லை. சமயத்துக்கு மாறான கருத்துகள் கொண்டவர் என்னும் குற்றச்சாட்டின் பேரில் ஃபெஸ் நகரில் சிறைவைக்கப்பட்டு, 1374இல் சிறைக்குள்ளேயே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். விசாரணைக்காகக் கிரனாடாவிலிருந்து வந்தவர் அவருடைய மாணவர் இப்னு சம்ரக். அல்ஹம்ப்ராவின் சிங்க முற்றத்து நீரூற்றுத் தொட்டியில் இன்றும் காணப்படும் கவிதை அம்மாணவருடையது. ஆசிரியரின் உடலோ, புதைத்தபின் தோண்டியெடுத்து எரிக்கப்பட்டு, மீண்டும் புதைக்கப்பட்டது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திலிம்சான் ஊரினரான அறிஞர் அல் மக்கரி அக்மாத்துக்கு வந்து முஃதமிதின் கல்லறையைத் தேடிக் கண்டார். பின்னாளில் அவரும் ஊர்விட்டுக் கெய்ரோவில் வாழ்ந்தார். டமாஸ்கஸ் நண்பர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இப்னுல் கத்தீபின் வாழ்வைப் பெருநூலாக எழுதினார். அக்மாத்தில் அவர் பாடிய பாடல் அந்நூலில் உள்ளது. மக்கரி 1632இல் மறைந்தார், ஊர் திரும்பாமலே. அக்மாத்துக் கல்லறைக்கு 1970இல் ஒரு குவிமாடம் எழுப்பப்பட்டது.