‘லிம்போ’வும் திறனாய்வாளரின் அளவுகோலும்

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 2006ஆம் ஆண்டு தோன்றிய பிளேடெட் என்னும் சிறு நிறுவனம், 2010ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ‘லிம்போ’ என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. உடன்பிறந்தாளைத் தேடி இருண்ட காட்டினுள் புகும் சிறுவனின் கதை அது. தாவியும் ஏறியும் புதிர்களை அவிழ்த்தும் அவன் முன்செல்ல வேண்டும், தவறினால் கொடுஞ்சாவு. காட்சி முழுவதும் கறுப்பு வெள்ளையே. பேச்சு என்பது அறவே இல்லை.

அதன் நிழலோவியத்தையும் ஒலியமைப்பையும் திறனாய்வாளர் பெரும்பாலோர் போற்றினர். எனினும் ஒரு வழக்கு எழுந்தது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டுக்கு 15 டாலர் தகுமோ என்று சிலர் வினவினர். திடுமென நின்றுவிடும் முடிவும் சிலர்க்கு நிறைவளிக்கவில்லை. மறுசாராரோ, ஒரே புதிரை மீண்டும் மீண்டும் காட்டி நீட்டாமையே அதன் சிறப்பு என்றனர்.

காலம் பின்னவர் பக்கமே நின்றது எனலாம். அந்நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘இன்சைட்’ என்பதும் சிறியதே. ஆயினும் அது 2017இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகள் நான்கினைப் பெற்றது.

பொருள் கொடுத்து வாங்குவோர் காலத்தைக் கணக்கிடுவதில் பிழையில்லை. ஆனால் அக்கணக்கு திறனாய்வு ஆகாது. எடுத்துக்கொண்ட பொருளுக்கு அளவு பொருந்துகிறதா என்று நோக்குவதே திறனாய்வு. இவ்வேறுபாட்டை மாணவர் உணர்தல் நன்று.