ஷண்ட் (மூளை நீர்க்கோவை)

மூளையின் உள்ளறைகளில் தேங்கும் மூளைத் தண்டுவட நீரை உடலின் வேறோர் இடத்துக்கு வடிக்க, தோலுக்கடியில் பதிக்கப்படும் வால்வுடன் கூடிய சிலிகோன் குழாய். குழந்தைகளுக்கு வயிற்றறையில் வடியும் வகையே பெரிதும் பொருத்தப்படுகிறது; காதுக்குப் பின்னால் தொட்டால் வால்வு சிறு மேடாகத் தட்டுப்படும். குழந்தை வளரும் என்பதால் வயிற்றுக்குள் குழாயைக் கூடுதல் நீளமாக விடுவர். வயிறு ஒவ்வாதபோது இதய மேலறை, நுரையீரல் உறை ஆகியவை மாற்றிடங்கள். நீரோட்டப் பாதை அடைபட்டிருந்தால், எண்டோஸ்கோப் வழியே மூன்றாம் அறையில் துளையிட்டு ஷண்டையே தவிர்ப்பதும் உண்டு.

இந்தியாவில் இவ்வாறு நீர் தேங்கும் மூளை நீர்க்கோவைக்குக் காசநோய் மூளையுறை அழற்சியும் முக்கியக் காரணம். அதனால் வரும் நீர்க்கோவையை நான்கு படிகளாக்கும் வேலூர் அளவுகோல் 1991இல் வெளியானது. உத்தரப் பிரதேசத்தில் தயாராகும் மலிவான சாப்ரா ஷண்ட், உகாண்டாவில் செய்த ஒப்பீட்டில் (2005) பன்மடங்கு விலையுள்ள வால்வுக்கு ஈடாகவே நின்றது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் அறுவைப் பிரிவு இச்சிகிச்சை அளிக்கிறது. பொருத்திய பின் வாந்தி, தலைவலி, தூக்க மயக்கம் கண்டால் அடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.