குடிசை வாயிலும் கணிப்பொறியும்: மார்பகப் பரிசோதனையின் வரலாறு

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். எந்த ஆண்டில் எந்த அறிஞர் எந்தப் பொறியைக் கண்டார் என்னும் செய்தி நூல்களில் நிரம்பக் கிடைக்கின்றது. அப்பொறி யாருக்குப் பயன்பட்டது, யாருடைய வாயிலை எட்டாமலே நின்றது என்னும் வினாவோ அருகியே எழுப்பப்படுகின்றது. மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் பணியில் இன்று செயற்கை நுண்ணறிவு புகுந்துள்ளது. ஏழை மகளிரின் இன்னலை அது நீக்கிவிடும் என்று பலரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை அறிய, ஒரு நூற்றாண்டு கால வரலாற்றை நாம் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் ஓசையின்றி வளரும் நோய். தொடக்கத்தில் தோன்றும் கட்டி பெரும்பாலும் நோவு தருவதில்லை. நோவில்லாத ஒன்றை நோய் என்று கருதாமல் நாள் கடத்துவது மனித இயல்பு. அன்றாடக் கூலியால் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு மருத்துவமனைக்குச் செல்வது ஒரு நாள் வருவாயை இழப்பதாகவே முடிகின்றது. கட்டி பெருத்து, தோலைப் பிளந்து, அக்குளுக்கும் பரவிய பின்னரே அவள் மருத்துவரை நாடுகின்றாள். ஆகவே, நோயின் அறிகுறி தோன்றாத மகளிரையும் சோதித்து, நோய் சிறிதாக இருக்கும்போதே அதனைக் கண்டுகொள்ள மருத்துவர்கள் முயன்றனர். இதனை நாம் முன்னறி சோதனை எனலாம்.

1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1913-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை அக்கதிர்களால் படம் பிடித்து, புற்றுநோயின் நிழல் எவ்வாறு தோன்றும் என்பதை ஆராய்ந்தார். 1930-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டாஃபர்ட் வாரன் உயிருடன் உள்ள மகளிரின் மார்பகப் படங்களைக் கொண்டு நோயைக் கணிக்கலாம் என்று காட்டினார். உருகுவே நாட்டின் ரவுல் லெபோர்ன் மார்பகத்தை அழுத்திப் படமெடுக்கும் முறையை வலியுறுத்தினார். 1960-இல் டெக்சாஸின் ஹியூஸ்டன் நகரில் ராபர்ட் ஈகன், பிற மருத்துவரும் கற்றுப் பின்பற்றத்தக்க தெளிவான முறையொன்றை வகுத்தளித்தார். இன்று மேமோகிராம் என்று நாம் வழங்கும் படம் இவ்வாறு படிப்படியாக உருப்பெற்றதாகும்.

படம் எடுக்கும் கலை கைவந்தது. ஆனால், அப்படம் உயிரைக் காக்குமா என்பது வேறு வினா. அதற்கு விடை காணும் முதற் பெரும் ஆய்வு 1963-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தொடங்கியது. 40 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 62,000 மகளிர் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூறு மேமோகிராமுக்கும் மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கும் அழைக்கப்பட்டது. மற்றொரு கூறு வழக்கமான மருத்துவத்தையே பெற்றது. சாம் ஷப்பீரோ, ஃபிலிப் ஸ்ட்ராக்ஸ், லூயி வெனெட் ஆகிய மூவர் இதனை நடத்தினர். ஸ்ட்ராக்ஸ் தம் மனைவியை இந்நோய்க்கே பறிகொடுத்தவர். பத்தாண்டுகளின் முடிவில், அழைக்கப்பட்ட கூற்றில் மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு மற்றக் கூற்றைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. இத்தகைய சான்றுகளின் வலிமையால் பிரிட்டன் 1988-ஆம் ஆண்டில் தன் நாட்டு மகளிர்க்கென முன்னறி சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. பிற செல்வ நாடுகளும் அவ்வழியே சென்றன.

ஏழை மக்கள் நெருங்கி வாழும் பெருநகரங்களின் நிலை வேறு. மேமோகிராம் பொறியின் விலை மிகுதி. அதனை இயக்கவும் பழுது பார்க்கவும் பயின்றோர் தேவை. எடுத்த படத்தைப் படித்துச் சொல்லும் கதிரியல் வல்லுநரோ மிகச் சிலர். மேலும், இந்திய மகளிரை இந்நோய் மேலைநாட்டு மகளிரைவிட இளமையிலேயே தாக்குகின்றது. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் அது வெண்மையாகத் தோன்றும். கட்டியும் வெண்மையாகவே தோன்றும். ஆகவே, வெண்மைக்குள் வெண்மை மறைந்துவிடுகின்றது.

இந்நிலையில் மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ஆம் ஆண்டில் மாற்று வழியொன்றைச் சோதிக்கத் துணிந்தது. இந்திரனீல் மித்ராவும் அவருடைய குழுவினரும் நடத்திய அவ்வாய்வில் பொறி எதுவும் இல்லை. அந்நகரின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 மகளிர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த இருபது வட்டாரங்களுள் பத்து, சோதனைக்கெனக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் அம்மகளிரின் மார்பகங்களைக் கையால் தொட்டுச் சோதித்தனர். ஐயத்திற்குரிய கட்டியைக் கண்டால் மருத்துவமனைக்கு அனுப்பினர். அதன் பின்னரும் பல்லாண்டுகள் அம்மகளிரின் நலம் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது.

ஆய்வின் முடிவு 2021-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட நோய், சோதனை பெறாத வட்டாரங்களில் 47 விழுக்காடாக இருக்க, சோதனை பெற்ற வட்டாரங்களில் 37 விழுக்காடாகக் குறைந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன மகளிரிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஆனால், எல்லா வயதினரையும் சேர்த்து நோக்குமிடத்துக் காணப்பட்ட 15 விழுக்காட்டுக் குறைவு, தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்னும் ஐயத்திற்கு இடமளித்தது. 50 வயதுக்கு உட்பட்டோரிடையே நோய் முன்னதாகக் கண்டறியப்பட்டும் இறப்பு குறையவில்லை. இவ்வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதே நேர்மையாகும். சோதனை பெறாத பத்து வட்டாரங்களின் மகளிர்க்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டுமே ஒருமுறை அளிக்கப்பட்டது. அவர்களும் ஏழைகளே. உண்மையை அறிவதற்காக அவர்களைக் காத்திருக்கச் செய்தது முறையா என்னும் வினாவை மாணவர்கள் தம்முள் எழுப்பிப் பார்த்தல் நன்று. எனினும், இயந்திரமின்றி மனிதக் கைகளாலேயே இறப்பைக் குறைக்க இயலும் என்பதற்குக் கிடைத்த அரிய சான்று இதுவேயாகும்.

மும்பைக் குடிசைகளில் பெண்கள் கதவைத் தட்டத் தொடங்கிய அதே 1998-ஆம் ஆண்டில், மேமோகிராமில் ஐயத்திற்குரிய இடங்களைக் குறித்துக் காட்டும் கணிப்பொறி ஒன்றுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மருத்துவமனைகள் அதனை ஆர்வத்துடன் வாங்கின. 2007-இல் வெளியான பெரிய ஆய்வொன்று அந்த ஆர்வத்திற்கு அணையிட்டது. கணிப்பொறி புகுந்த இடங்களில், நோயில்லாத மகளிரும் மிகுதியாகத் திரும்ப அழைக்கப்பட்டனர். ஊசியாலும் கத்தியாலும் திசு எடுத்துப் பார்க்கும் சோதனை ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியது. நோயைக் கண்டறிவதிலோ தெளிவான ஆதாயம் காணப்படவில்லை. புதிய பொறி என்பதனாலேயே அது நன்மை தரும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

அன்றைய கணிப்பொறிக்கு விதிகளை மனிதரே வகுத்தளித்தனர். இன்றைய செயற்கை நுண்ணறிவோ, முடிவு தெரிந்த பல்லாயிரம் படங்களைக் கண்டு தானே கற்றுக்கொள்கின்றது. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை சுவீடன் நாட்டில் 80,000-க்கும் மேற்பட்ட மகளிரிடம் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்நாட்டில் ஒவ்வொரு படத்தையும் இரு வல்லுநர்கள் படிப்பது வழக்கம். நுண்ணறிவின் துணை கொண்ட பிரிவில் 244 புற்றுநோய்களும், பழைய முறைப் பிரிவில் 203 புற்றுநோய்களும் கண்டறியப்பட்டன. வல்லுநர்களின் படிப்புச் சுமை 44 விழுக்காடு குறைந்தது. பொய்யான எச்சரிக்கையும் கூடவில்லை. இது பெருமைக்குரிய வெற்றியே.

ஆனால், இவ்வெற்றி நிகழ்ந்த இடத்தை நாம் மறத்தலாகாது. சுவீடனில் அழைப்புக் கடிதம் வீட்டிற்கு வருகின்றது. படமெடுக்கும் பொறி உள்ளது. நோய் கண்டால் மருத்துவம் காத்திருக்கின்றது. அங்கே செயற்கை நுண்ணறிவு ஏற்றுக்கொண்டது இரண்டாம் வல்லுநரின் சுமையை மட்டுமே. முதல் வல்லுநரே இல்லாத ஊரில் அது யாருடைய பணிக்குத் துணையாக நிற்கும்? மேலும், பொறி எப்படங்களைக் கண்டு கற்றதோ அப்படங்களுக்குரிய மகளிரையே அது நன்கறியும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திரட்டிய படங்களைக் கற்ற பொறியை மும்பையின் இளம் தாய்மாரிடம் பயன்படுத்துமுன், அம்மகளிரின் படங்களைக் கொண்டே அதனைத் தேர்வு செய்தல் வேண்டும்.

இந்தியாவிலேயே பிறந்த முயற்சியும் உண்டு. கீதா மஞ்சுநாத் என்னும் கணினி அறிஞர் 2016-ஆம் ஆண்டில் பெங்களூரில் நிரமை என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். உடல் வெளியிடும் வெப்பத்தைப் படம் பிடித்து, அதனைச் செயற்கை நுண்ணறிவால் ஆராயும் முறை அது. கதிர்வீச்சு இல்லை, மார்பகத்தை அழுத்துவதில்லை, பிறர் தொடுவதுமில்லை. கருவியை எளிதில் எடுத்துச் செல்லலாம். நாணத்தால் சோதனையைத் தவிர்க்கும் மகளிர்க்கு இவை பெரிய ஆறுதல்களே. ஆயினும், வெப்பப் படம் மேமோகிராமுக்கு ஈடாகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இல் எச்சரித்ததையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். நுண்ணறிவு சேர்ந்த பின் அம்முறை எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதை முடிவு செய்ய, இறப்பு குறைந்ததா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் மும்பை ஆய்வு போன்ற சோதனையே உரைகல்லாகும். எளிய சோதனை ஏழைகளுக்குப் போதும் என்று எண்ணி, சான்றில் குறைந்த ஒன்றை அவர்களுக்கு அளிப்பது அறமன்று. நோயுள்ள பெண்ணிடம் ‘உனக்கு நோயில்லை’ என்று தவறாகக் கூறும் பொறி, சோதனையே இல்லாத நிலையினும் தீங்கானது. அவள் தன் கட்டியைப் பற்றிக் கொண்டிருந்த அச்சத்தையும் அது போக்கிவிடும்.

மருத்துவமனைக்கும் குடிசைக்கும் இடையே பல படிகள் உள்ளன. வாயிலுக்குச் சென்று அழைத்தல், அஞ்சும் பெண்ணுக்கு விளக்குதல், சோதித்தல், படத்தைப் படித்தல், ஐயமுள்ளவளை மருத்துவமனையில் சேர்த்தல், அறுவைக்குப் பின்னும் அவள் மருத்துவத்தை இடையில் விட்டுவிடாமல் காத்தல் ஆகியனவே அப்படிகள். இவற்றுள் படத்தைப் படித்தல் என்னும் ஒரு படியையே செயற்கை நுண்ணறிவு எளிதாக்கியுள்ளது. வல்லுநர் பற்றாக்குறை நிலவும் நாடுகளில் அவ்வொரு படியும் பேருதவியே. மற்றப் படிகளை இன்றும் மனிதரே கடக்க வேண்டியுள்ளது. பொறி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, வீடு வீடாகச் செல்லும் பெண் பணியாளரின் ஊதியத்திற்கும் ஏழைப் பெண்ணின் மருத்துவச் செலவிற்கும் ஒதுக்கும் அரசே இவ்வறிவியலின் பயனை முழுமையாகப் பெறும். சாலமன் நிழலைக் கண்டது முதல் நுண்ணறிவு அந்நிழலைப் படிப்பது வரை நூறாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்நிழலில் மறைந்திருக்கும் நோய்க்குரியவளை நேரில் சென்று அழைத்துவரும் கடமை நம்முடையது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.