ஓவர்கிளாக்கிங்: கணினிச் செயலியின் மிகைவேக வரலாறு

ஓவர்கிளாக்கிங் என்பது கணினியின் மையச் செயலியையோ வரைகலை அட்டையையோ, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் இயக்கும் முறையாகும். தமிழில் இதனை மிகைவேக இயக்கம் எனலாம். செயலிக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு கடிகாரத் துடிப்பின் தாளத்தில் நடக்கிறது. வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு ஒரு மெகாஹெர்ட்ஸ். நூறு கோடித் துடிப்பு ஒரு கிகாஹெர்ட்ஸ். இந்தத் துடிப்பை விரைவுபடுத்துவதே ஓவர்கிளாக்கிங்.

சில்லின் மேல் அச்சிட்ட வேகத்துக்கும் அதனால் உண்மையில் ஓடக்கூடிய வேகத்துக்கும் இடையே பெரும்பாலும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி யாருக்குச் சொந்தம், வாங்கியவருக்கா விற்றவருக்கா என்ற கேள்வியே இம்முறையின் நாற்பதாண்டு வரலாற்றை நடத்திவந்திருக்கிறது.

இடைவெளி ஏன் இருக்கிறது?

ஒரே சிலிக்கான் வட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒன்றாக உருவாகின்றன. வடிவமைப்பு ஒன்றேயானாலும் எல்லாம் ஒரே திறனோடு வருவதில்லை. ஒவ்வொன்றையும் சோதித்து, தாங்கும் வேகத்துக்கு ஏற்ப வகைபிரித்து, வேறு வேறு விலையில் விற்பது வழக்கம். வெப்பமான அறை, தரம் குறைந்த மின்வழங்கி, பல ஆண்டுப் பயன்பாட்டின் தேய்மானம் ஆகிய எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்பதால், குறிக்கப்படும் வேகம் சோதனையில் கண்ட வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே வைக்கப்படும்.

இரண்டாவது காரணம் சந்தை. மாம்பழ வியாபாரியிடம் இரண்டாம் தரப் பழம் கேட்டுப் பலர் வந்து, அது தீர்ந்துவிட்டால், முதல் தரத்திலிருந்தே எடுத்து இரண்டாம் தரக் கூடையை நிரப்புவார். சில்லுத் தொழிலிலும் அதுவே நடந்தது. தொழிற்சாலையின் செய்முறை தேர்ச்சியடைந்தபின், வெளிவரும் சில்லுகளில் பெரும்பாலானவை உயர்வேகத்தைத் தாங்கும். ஆனால் வாங்குவோரில் பலர் மலிவான வகையையே கேட்பர். எனவே நல்ல சில்லின் மேலேயே குறைந்த வேகம் அச்சாகி வெளிவரும்.

படிகத்தை மாற்றிய காலம்

1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. 1984ஆம் ஆண்டு வந்த ஐபிஎம் பிசி ஏடி, 80286 செயலியை 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயக்கியது. அதன் பலகையில் 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருந்தது. அதன் துடிப்பில் பாதியே செயலிக்குச் சென்றது. படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் செயலி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். சில டாலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடியது. ஐபிஎம் அடுத்து வெளியிட்ட பயாஸில், கணினி தொடங்கும்போதே வேகத்தைச் சோதித்து, அது மீறியிருந்தால் இயக்கத்தை நிறுத்தும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. வாங்கியவர் கூட்டிய வேகத்தைத் தயாரிப்பாளர் தடுத்த தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்று.

அக்காலத்தில் ஐபிஎம்மைப் போன்றே செய்யப்பட்ட மலிவுக் கணினிகள் பல, கூடுதல் வேகத்திலேயே விற்பனைக்கு வந்தன. அவற்றின் முகப்பில் இருந்த 'டர்போ' பொத்தானின் உண்மையான பயன் வேகத்தைக் குறைப்பதே. 4.77 மெகாஹெர்ட்ஸை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விளையாட்டுகள் வேகமான கணினியில் கட்டுக்கடங்காமல் ஓடியதால் அப்பொத்தான் தேவைப்பட்டது.

பெருக்கி, ஜம்பர், போலிச் சில்லு

1992இல் வந்த இன்டெல் 486டிஎக்ஸ்2 செயலி, தாய்ப்பலகையின் 33 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தனக்குள் இரண்டால் பெருக்கி 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இதன்பின் செயலியின் வேகம் என்பது பலகையின் அடிப்படைத் துடிப்பையும் பெருக்கி எண்ணையும் பெருக்கி வரும் விடையாயிற்று. பென்டியம் காலத்தில் இவ்விரண்டையும் தாய்ப்பலகையில் இருந்த ஜம்பர் என்னும் சிறு செருகிகளால் மாற்ற முடிந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் பெருக்கி 2 என்றால் பென்டியம் 133. அதே துடிப்பில் பெருக்கி 2.5 என்றால் பென்டியம் 166. ஒரு செருகியை இடம் மாற்றுவதுதான் வேறுபாடு.

இந்த எளிமை மோசடிக்கும் வழிவகுத்தது. குறைந்த வேகச் சில்லின் மேல் இருந்த எழுத்தை அழித்து, உயர்ந்த வேகத்தை அச்சிட்டு, கூடுதல் விலைக்கு விற்கும் கூட்டங்கள் பல நாடுகளில் தோன்றின. பயனர் தம் கணினியில் தாமே செய்யும்போது அது தெரிந்தே ஏற்கும் இடர். கடைக்காரர் மறைத்துச் செய்யும்போது அது ஏமாற்று. கணினி அடிக்கடி உறைந்துபோனால் வாங்கியவர் குறை சொல்வது செயலியைச் செய்த நிறுவனத்தைத்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இன்டெல் பெருக்கி எண்ணைச் சில்லுக்குள்ளேயே பூட்டியது. மோசடியை அது தடுத்தது. விலைப்படிகளுக்கு இடையே உள்ள சுவரையும் அதுவே காத்தது.

செலரான் 300ஏ

அந்தச் சுவரில் ஒரு கதவு திறந்தே இருந்ததை 1998 காட்டியது. மலிவுக் கணினிகளுக்கென இன்டெல் அவ்வாண்டு ஏப்ரலில் வெளியிட்ட முதல் செலரானில் இரண்டாம் நிலைக் கேச் நினைவகம் இல்லை. அது மந்தமானது என்ற பெயரை வாங்கிற்று. 1998 ஆகஸ்ட் 24 அன்று வந்த செலரான் 300ஏ அக்குறையை நீக்கியது. 128 கிலோபைட் கேச் நினைவகம் செயலியின் சிலிக்கானிலேயே அமைந்து, செயலியின் முழு வேகத்தில் ஓடியது. அதே நாளில் வெளியான உயர்நிலைப் பென்டியம் 2 450இல் கேச் 512 கிலோபைட் இருந்தது. ஆனால் அது தனிச் சில்லுகளில் அமைந்து பாதி வேகத்திலேயே ஓடியது. மொத்த விற்பனை விலைப்பட்டியலில் முன்னது 149 டாலர். பின்னது 669 டாலர்.

செலரான் 300ஏயின் பெருக்கி 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. பலகையின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 300 கிடைத்தது. ஆனால் இன்டெல்லின் 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி கொண்ட தாய்ப்பலகைகள் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பையும் தந்தன. துடிப்பை 100 ஆக்கினால் அதே பூட்டிய 4.5 பெருக்கியில் 450 மெகாஹெர்ட்ஸ் வரும். அபிட் நிறுவனத்தின் பிஎச்6 பலகையில் இதைப் பயாஸ் திரையிலேயே தேர்ந்தெடுக்கலாம். அவ்வசதி இல்லாத பலகைகளில், செயலி அட்டையின் பி21 என்னும் தொடுமுனையை ஒட்டுநாடாவால் மறைத்தால், பலகை தானாகவே 100 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்துகொண்டது.

இது வெற்றிபெற்றதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. இரு செயலிகளும் 0.25 மைக்ரான் தொழில்நுட்பத்தில் உருவானவை. 450 என்பது அத்தொழில்நுட்பத்துக்கு எட்டாத வேகம் அன்று. மேலும் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை மூன்றால் வகுத்தால் பிசிஐ இணைப்புக்கு உரிய 33 மெகாஹெர்ட்ஸ் சரியாகக் கிடைத்தது. ஆகவே வன்தட்டு முதலியவை பாதிக்கப்படவில்லை. 83 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை இரண்டால் வகுத்து இயக்கியவர்களுக்குப் பிசிஐ 41.5இல் ஓடி, வன்தட்டில் உள்ள தரவு சிதையும் இடர் இருந்தது. 300ஏ சில்லுகள் எல்லாமே 450ஐத் தொடவில்லை, சிலவற்றுக்கு 2.0 வோல்ட் மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. ஆயினும் தொட்டவை ஏராளம். 1996இல் தாமஸ் பாப்ஸ்ட் தொடங்கிய டாம்ஸ் ஹார்டுவேர், 1997இல் ஆனந்த் லால் ஷிம்பி தொடங்கிய ஆனந்த்டெக் ஆகிய இணைய இதழ்கள் இத்தகைய சோதனைகளை உலகெங்கும் கொண்டு சேர்த்தன.

இந்தக் கதவை அடைக்கப் புதிய பூட்டு தேவைப்படவில்லை, கணக்கே போதுமானதாயிற்று. அடுத்து வந்த செலரான்கள் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பிலேயே நிற்க, பெருக்கி மட்டும் உயர்ந்தது. செலரான் 466இன் பெருக்கி 7. அதை 100 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் 700 வரும். அந்தச் சிலிக்கானால் அது இயலாது.

பென்சில் கோடு

2000ஆம் ஆண்டு ஏஎம்டி வெளியிட்ட டியூரான், தண்டர்பேர்டு வகை அத்லான் ஆகிய செயலிகளின் பெருக்கிப் பூட்டு, சில்லின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. 'எல்1' எனக் குறிக்கப்பட்ட நுண்பாலங்கள் தொழிற்சாலையில் வெட்டப்பட்டிருந்தன. பென்சிலின் காரீயம் எனப்படும் கிராபைட் மின்கடத்தி என்பதால், வெட்டுப்பட்ட இடத்தில் பென்சிலால் கோடு இழுத்தால் பூட்டு திறந்தது. 2001இல் வந்த அத்லான் எக்ஸ்பியில் அவ்விடங்களில் சிறு பள்ளங்கள் இடப்பட்டதால் பென்சில் மட்டும் போதாமற்போயிற்று.

வரைகலை அட்டைகள்

வரைகலை அட்டையில் செயலிக்கு ஒரு துடிப்பும் நினைவகத்துக்கு வேறு துடிப்பும் உண்டு. இரண்டையும் பவர்ஸ்ட்ரிப், ரிவாட்யூனர் போன்ற மென்பொருள்களால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற முடிந்தது. எல்லை மீறினால் திரையில் புள்ளிகளும் சிதைந்த வடிவங்களும் தோன்றி எச்சரிக்கும்.

இத்துறையில் வேகத்தோடு முடக்கப்பட்ட உறுப்புகளும் மீட்கப்பட்டன. ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 9500 அட்டையில் இருந்தது, உயர்விலை 9700இல் இருந்த அதே சில்லுதான். அதன் எட்டு வரைவுத் தடங்களில் நான்கு முடக்கப்பட்டிருந்தன. சில 9500 அட்டைகளில் மென்பொருள் திருத்தம் ஒன்றால் அவை உயிர்பெற்றன. உண்மையிலேயே பழுதான தடம் இருந்த அட்டைகளில் திரை முழுதும் சதுரங்கக் கட்டம் போன்ற கறைகள் விழுந்தன. 2010இல் வந்த ரேடியான் எச்டி 6950ஐ, பயாஸை மாற்றி 6970க்கு இணையாக்கியவர்களும் உண்டு.

வெப்பம் வகுத்த எல்லை

செயலி உண்ணும் மின்திறன் துடிப்பின் வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப உயர்கிறது. வேகத்தை 20 விழுக்காடும் அதற்காக மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டினால், மின்செலவும் வெப்பமும் ஏறக்குறைய 45 விழுக்காடு கூடும். கூடுதல் மின்னழுத்தம் சில்லின் நுண்கம்பிகளில் உள்ள உலோக அணுக்களை மெல்ல இடம்பெயர்த்து அதன் ஆயுளையும் குறைக்கும். நார்த்வுட் வகைப் பென்டியம் 4 செயலிகளை 1.7 வோல்ட்டுக்கு மேல் இயக்கியவர்களில் பலர், அவை முன்னறிவிப்பின்றிச் செயலிழந்ததைக் கண்டனர்.

2004இல் தயாரிப்பாளரே இச்சுவரில் மோதினார். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ வெளியிடும் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதன்பின் வளர்ச்சி வேகத்தை விட்டுப் பல கருக்களை நோக்கித் திரும்பியது. திரவ ஹீலியத்தால் குளிர்வித்து 2022இல் ஒரு செயலி 9 கிகாஹெர்ட்ஸைக் கடந்தது. ஆனால் அது சில நொடிச் சாதனையே அன்றி அன்றாடப் பயன்பாடு அன்று.

விலைக்கு வந்த சாவி

இலவச இடைவெளியின் கடைசிப் பெரும் உதாரணம் 2007இல் வந்த இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600. அடிப்படைத் துடிப்பை 266இலிருந்து 333 ஆக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சில்லு 3.0இல் ஓடிற்று. அவ்வாண்டு ஜூலையில் அதன் விலை 266 டாலர், 3.0 கிகாஹெர்ட்ஸ் என்றே முத்திரையிட்ட க்யூஎக்ஸ்6850இன் விலை 999 டாலர்.

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில், கணினியின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்போடு பிணைக்கப்பட்டன. அதைச் சில விழுக்காட்டுக்கு மேல் அசைத்தால் பிற உறுப்புகள் தடுமாறின. வேகத்தைக் கூட்ட எஞ்சிய வழி, பெயரின் முடிவில் 'கே' எழுத்துடைய, பூட்டுத் திறந்த செயலி. ஐ5-2500 செயலியின் விலை 205 டாலர், ஐ5-2500கேயின் விலை 216 டாலர். அதற்கேற்ற தாய்ப்பலகையும் வேண்டும். ஒட்டுநாடாவும் பென்சிலும் திறந்த கதவுக்கு இப்போது சாவி கடையில் கிடைத்தது. சில தாய்ப்பலகை நிறுவனங்கள் 2015இன் இறுதியில் பயாஸ் வழியாகப் பூட்டிய ஸ்கைலேக் செயலிகளையும் திறந்துவிட்டன; 2016 பிப்ரவரியில் இன்டெல் அவ்வழியை அடைத்தது.

தானே விரையும் செயலி

2008இல் இன்டெல்லின் நெஹலம் செயலிகளோடு டர்போ பூஸ்ட் வந்தது. வெப்பமும் மின்திறனும் இடம்கொடுத்தால் செயலி தானே வேகத்தை உயர்த்திக்கொள்ளும். 2012இல் என்விடியா ஜிடிஎக்ஸ் 680 வரைகலை அட்டையும் இம்முறையைக் கொண்டது. முன்பு பயனர் கண்டெடுத்த இடைவெளியைத் தயாரிப்பாளரே அளந்து, பெட்டியின் மேல் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். அதன் இடரும் அவரையே சேர்ந்தது. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் செயலிகள் சில நிலைகுலைந்ததற்கு மிகையான மின்னழுத்தமே காரணம் என 2024இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தது.

இன்று இடைவெளி மிச்சமிருப்பது பெரும்பாலும் பழைய மேசைக்கணினிகளில்தான். அவற்றில் வேகத்தைத் தொடுமுன் தூசி நீக்குதல், காய்ந்த வெப்பப் பசையை மாற்றுதல், மின்வழங்கியின் நிலையைப் பார்த்தல் ஆகியவை முதலில் செய்யத்தக்கவை. புதிய கணினிகளில் பலர் எதிர்த்திசையில் செல்கின்றனர். வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் படிப்படியாகக் குறைத்து, வெப்பத்தையும் விசிறி ஓசையையும் மின்செலவையும் தணிக்கின்றனர். 1998இல் 150 மெகாஹெர்ட்ஸாகக் கிடைத்த அந்த இடைவெளி இப்போது குறைந்த வெப்பமாகக் கிடைக்கிறது.