வீட்டை அளக்கும் கோல்

பிள்ளைக்கு நாள்பட்ட வியாதி என்றால் டாக்டர் பிள்ளையை அளப்பார். எடை, ரத்தம், ஸ்கேன். வீட்டை யார் அளப்பது? இதற்கு ஒரு குட்டி சரித்திரம் இருக்கிறது.

1980-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் (நான் இருக்கும் நியூஜெர்சிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான்) ரூத் ஸ்டைன், கேத்தரின் ரீஸ்மன் இருவரும் 24 கேள்விகளோடு ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். பணச்சுமை, சுருங்கும் உறவு வட்டம், பெற்றோரின் சோர்வு, சமாளிக்கும் தெம்பு என்று போகும். குழந்தை வியாதிக்கென்றே குடும்பத்தை அளந்த முன்னோடி அது.

அடுத்த வருஷமே பெங்களூர் நிம்ஹான்ஸிலிருந்து பாய், கபூர் இருவரும் இன்னொன்று கொண்டுவந்தார்கள். அதிலும் 24 கேள்விகள்! மனநோயாளிகளின் குடும்பங்களுக்காகச் செய்தது. பிறகு குழந்தைகளின் வியாதிகளுக்கும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசி 0, 1, 2 என்று மார்க் போடுவார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பதில் சொல்லலாம். கேள்விகளும் நம் வீட்டுக் கேள்விகள். கடன் வாங்கினீர்களா? சேமிப்பு கரைந்ததா? பணமுடையால் கல்யாணமோ பிரயாணமோ சாமி காரியமோ தள்ளிப்போனதா? கடைசியில் நேராக ஒன்று: இதனால் நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?

சாமி காரியம் தள்ளிப்போவதன் கனம் எனக்குத் தெரியும். சித்தூரில் என் அத்தை மகளின் பையனுக்கு மூன்று வயதிலிருந்து பிட்ஸ். மாசாமாசம் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு எழுபது கிலோமீட்டர் பஸ். மலையடிவாரம் வரை அத்தனை தடவை போனவர்கள், ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்ட மொட்டையை நாலு வருஷம் போடவில்லை. குடும்பத்தோடு போகக் காசில்லை, கூட்டத்தில் பிட்ஸ் வந்தால் என்ற பயம் வேறு. தையல் மிஷின் விலைக்குப் போனது. பத்தாவது படித்த மூத்த பெண் தம்பிக்குக் காவல். ஆஸ்பத்திரி சீட்டில் இருந்ததோ, பிட்ஸ் எத்தனை தடவை, மாத்திரை எத்தனை மில்லிகிராம், அவ்வளவுதான்.

2004-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வார்னி குழு 36 கேள்விகளில் ஒரு கோல் செய்தது. 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது. முதல் சோதனையில் 23 குடும்பங்கள். பிள்ளையைப் பராமரிப்பு விடுதியில் வைத்திருந்தவர்களைவிட வீட்டிலேயே வைத்துப் பார்த்தவர்களுக்கு மார்க் குறைவு. சின்னக் கணக்குதான், ஆனாலும் படித்ததும் அந்தத் தையல் மிஷின்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு சிக்கல், கேட்கும் விதம். சித்தூர் 1911-ல் தனி மாவட்டமானது, 1953-ல் ஆந்திராவோடு போனது, அத்தை வீட்டில் இன்றும் தமிழ்தான். தெலுங்கோ தமிழோ, 'பாரம்' இரண்டிலும் ஒரே சொல். "பிள்ளை உங்களுக்குப் பாரமா?" என்று கேட்டால் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். எவ்வளவு கடன் என்று கேளுங்கள், வட்டியோடு சொல்வாள்.